அரை டேங்க் தண்ணி

அந்தம்மாவையா கேக்கிய? கொடையப் பிடிச்சிக்கிட்டு ரோட்டு மேல நிக்காவளே, அவியளையா? அவிய பக்கம் பாக்காதிய டீச்சர். பாத்தா இங்கன வந்துருவாவ, வந்தா லேசுல போவ மாட்டாவ. நீங்க இப்படி மோட்டார் ரூம் படியில நெழல்ல உக்காருங்க. ஆயா சாவியக் கொண்டுட்டு வர ஒம்பதரை ஆவும். மொத நாளே எட்டு மணி பஸ்ஸுக்கு வந்து எறங்கிட்டிய, சந்தோசம். முன்னால இருந்த டீச்சர் பதினோரு மணிக்கு வந்து ரெண்டு மணிக்கெல்லாம் போயிருவாவ.

என் பேரு வெயிலுமுத்து. இந்தப் பஞ்சாயத்துல டேங்க் ஆப்பரேட்டர். இருவத்தாறு வருசம் ஆச்சு. மோட்டாரைப் போடணும், வால்வைத் திருக்கணும், தெருத் தெருவாத் தண்ணி விடணும், அதான் நம்ம சோலி. உள்ள ஓடுதுல்லா, அது மோட்டார்ச் சத்தந்தான். வெள்ளன நாலு மணிக்குப் போட்டது. கொஞ்சம் சத்தமாத்தான் பேசணும், கோவிச்சிக்கிடாதிய.

அவிய பேரு சண்முகவடிவு. ஊருக்குள்ள ஓவர்சியரம்மான்னு சொல்லுவாவ, நான் வடிவக்கான்னு கூப்பிடுவேன். கவர்மெண்டுல முப்பது வருசம் பாலம், கட்டடம்னு பாத்து ரிட்டயர் ஆனவிய. நாலு மாசத்துக்கு முந்தி பிரசிடெண்டு எலக்சன்ல நின்னு தோத்துப்போனாவ. இன்னைக்கு விடிஞ்சதுலேர்ந்து அங்கன நின்னு, பிள்ளையக் கூட்டிட்டு வார பொம்பளைய ஒவ்வொருத்தியையா மறிச்சி, பால்வாடிக்கு அனுப்பாதன்னு சொல்லிக்கிட்டு இருக்காவ. எவ கேக்கா? தோத்த வயித்தெரிச்சல்ல பேசுதான்னு மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டு, வேலைக்குப் போற அவசரத்துல பிள்ளைய விட்டுட்டுப் போயிருதாளுவ. அந்தா வெளையாடுதுல்லா, பத்துப் பன்னெண்டு வந்தாச்சு. மொத்தம் பத்தொம்பது.

ஏன் அனுப்பக் கூடாதுன்னு சொல்லுதாவளா? அதுக்கு எலக்சன் கதையச் சொல்லணும். சொல்லுதேன், நேரம் கெடக்கு.

நம்ம சனத்துக்கு ஓட்டு எதுக்குன்னே தெரியல டீச்சர். மாடு வாங்கப் போனா பல்லப் பிடிச்சிப் பாக்கான். பொண்ணு எடுக்கப் போனா பாட்டன் பூட்டன் வரைக்கும் விசாரிக்கான். பிரசிடெண்டுன்னு ஒரு ஆள எடுக்க மட்டும் ஒண்ணையும் பாக்க மாட்டான். சிரிச்சாப் போடுவான், அழுதாப் போடுவான், தோள்ல கையப் போட்டா குடும்பத்தோட போய்க் குத்திட்டு வருவான். கூறு கெட்ட சனம். எனக்கு நெஞ்சு பொறுக்கல, யாருட்ட சொல்ல? உள்ளூர்க்காரன்ட்ட சொன்னா சண்டைக்கு வருவான். நீங்க வெளியூரு, அதான் சொல்லுதேன்.

நிமிந்து பாருங்க. ஆறு தூணு, மேல அறுவதாயிரம் லிட்டர். கட்டி முப்பத்திரண்டு வருசம் ஆச்சு. டேங்குக்கு அடியில நல்லா நெழலு விழுதுன்னு சொல்லி, பொறவு பால்வாடிய அங்கனயே கொண்டு வந்து கட்டுனாவ. இடத்துக்கு இடமும் ஆச்சு, நெழலுக்கு நெழலும் ஆச்சுன்னு ஊரே ஒத்துக்கிட்டு. ஒருத்தனும் மேல என்ன இருக்குன்னு யோசிக்கல. நானும் அன்னைக்குத் தெறப்பு விழால கொழுக்கட்டை தின்னுட்டுத்தான் வந்தேன்.

ஏழு வருசத்துக்கு முந்தி, பிளீச்சிங் பவுடர் போட மேல ஏறும்போது நான்தான் மொதல்ல பாத்தேன். மூணாவது தூண்ல என் கைநீளத்துக்கு வெடிப்பு. சிமெண்டு உதுந்து உள்ள கம்பி தெரியுது, கம்பிய நிமிண்டுனா துரு பொடிப்பொடியா வருது. நேரே வடிவக்கா வீட்டுக்குப் போனேன். அவிய கேட்ட ஒடனே சுத்தியல எடுத்துட்டு வந்தாவ. அப்பவே அவியளுக்கு அறுவது வயசு. சேலைய ஏத்திச் சொருவிக்கிட்டு ஏணில ஏறி, ஆறு தூணையும் தட்டித் தட்டி காத வச்சிக் கேட்டாவ. எறங்கி வந்து, 'வெயிலு, பாதிக்கு மேல ஒரு சொட்டு ஏத்தாத. ஏத்துனா நீ கொலகாரன்'னு சொல்லிட்டுப் போயிட்டாவ.

அப்படித்தான் பேசுவாவ. நயமாச் சொல்லத் தெரியாது. ஆனா அன்னைலேர்ந்து நான் அரை டேங்குக்கு மேல ஏத்துனது கெடையாது. ஏழு வருசம். மழைன்னாலும் வெயில்னாலும், கோயில் கொடைன்னாலும் பொங்கல்னாலும் அரை டேங்குதான்.

அரை டேங்குன்னா கெழக்குத் தெருவுக்குத் தண்ணி ஏறாது. கடைசித் தெரு, கொஞ்சம் மேட்டுல கெடக்கு. அந்தப் பொம்பளைய என்னைய வஞ்ச வசவ எழுதுனா நோட்டு பத்தாது. வடிவக்கா மனு மேல மனு போட்டு, டவுன்லேர்ந்து இஞ்சினியருமாரைக் கூட்டிட்டு வந்தாவ. அவியளும் பாத்துட்டு, இடிச்சிட்டுப் புதுசு கட்டணும்னே எழுதிக் குடுத்தாவ. ஆனா பஞ்சாயத்துத் தீர்மானம் போடணும்லா? பழைய பிரசிடெண்டு பாப்போம் பாப்போம்னே அஞ்சு வருசத்த ஓட்டிட்டாரு. அதுக்குத்தான் வடிவக்கா எலக்சன்ல நின்னாவ. வேற ஒரு ஆசையும் கெடையாது. செயிச்சி வந்து மொதத் தீர்மானம் டேங்க இடிக்கது, அவ்ளோதான்.

நான் அவியளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன் டீச்சர். அக்கா, எங்க வீட்டு ஓட்டு அஞ்சும் உங்களுக்குத்தான்னேன். நான், எம்பொண்டாட்டி, ரெண்டு பயலுவ, மூத்தவன் பொண்டாட்டி. அவிய அதுக்கும் சிரிக்கல. 'எனக்குப் போடாத, டேங்குக்குப் போடு'ன்னாவ.

ஓட்டுக் கேக்கப் போன எடத்துல என்ன பேசுனாவன்னு கேளுங்க. கெழக்குத் தெருவுல பொம்பளைய ஆரத்தித் தட்ட வச்சிக்கிட்டு நிக்காளுவ. இவிய, தட்ட எறக்கி வச்சிட்டு இதப் பாருன்னு செல்லுல தூணு வெடிப்பு படத்தக் காட்டுதாவ. டேங்க இடிக்கணும், புதுசு கட்டி முடிக்க ஒரு வருசம் ஆவும், அதுவரைக்கும் உங்க தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணிதான், முன்னக்கூட்டியே சொல்லிருதேன், பொறவு குத்தம் சொல்லப்பிடாதுன்னு. ஓட்டுக் கேக்க வந்த எடத்துல இதையா பேசுவாவ? கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? அங்கன நின்ன ஒரு கெழவி, 'நீ என்ன, ஓட்டுக் கேக்கியா, கெட்ட சேதி சொல்ல வந்தியா'ன்னே கேட்டுட்டா.

எதுத்து நின்னவன் பால்வண்ணன். பந்தல், சேரு, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுதவன். எந்த வீட்ல எளவு விழுந்தாலும் மொத ஆளா நிப்பான், தொழில் அப்படி. டேங்குல எத்தன தூணு இருக்குன்னு கேட்டா அண்ணாந்து பாத்துத்தான் சொல்லுவான். ஆனா ஊர்ல செத்தவியள்ல ஒருத்தர் பேரு விடாமத் தெரியும். ஓட்டுக் கேக்க வந்தா வீட்டுக்காரன்ட்ட பேச மாட்டான், நேரே உள்ள போய்ச் செவுத்துல மாட்டியிருக்க படத்துக்கு முன்னால நிப்பான். 'முப்பிடாதி பெரியம்மா, நீ இருந்திருந்தா எனக்குத்தான போட்டிருப்ப'ன்னு கண்ணத் தொடைப்பான். வீட்டுல உள்ள பொம்பளைய அத்தன பேரும் மூக்க உறிஞ்சுவாளுவ. டேங்கப் பத்தி ஒரு வார்த்த கெடையாது. கெழக்குத் தெருவுல மட்டும், 'உங்க கொடத்த நான் சொமந்தா என்ன'ன்னு ஒரு கொடத்தத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு தெருவுக் கோடி வரைக்கும் நடந்தான். முடிஞ்சி போச்சி. தெரு மொத்தமும் அவன் பின்னால போயிட்டு.

எண்ணி முடிக்கும்போது வித்தியாசம் எத்தன தெரியுமா? நாலு. நாலே நாலு ஓட்டு. திருப்பி எண்ணச் சொன்னாவ, திருப்பியும் நாலு. வடிவக்கா என்னைய ஒருதரம் பாத்தாவ, பையை எடுத்துட்டு வெளிய போனாவ. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. நாலு ஓட்டுன்னா என்ன, ஒரு வீட்டு ஓட்டு. எவனோ ஒருத்தன் குடும்பத்தோட போய் மனசாட்சிய வித்துட்டு வந்திருக்கான். அவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சா, வெளங்காமப் போவன்னு மண்ணள்ளித் தூத்திட்டு வந்திருப்பேன்.

நானா? நான் யாருக்குப் போட்டேன்னா கேக்கிய? அது வேற விசயம் டீச்சர். அதையும் இதையும் ஒண்ணாச் சேக்கப்பிடாது.

எங்கம்மை எலக்சனுக்கு ஒம்பது நாளைக்கு முந்தி செத்துப்போனா. எம்பத்தி மூணு வயசு, படுக்கைல கெடந்துதான் போனா, இருந்தாலும் அம்மைலா. எங்க பக்கம் துட்டி கேக்கதும்போம், உங்க ஊர்ல துக்கம் விசாரிக்கதும்பியளோ என்னமோ. கல்யாணத்துக்கு வராட்டா மன்னிச்சிருவோம். துட்டிக்கு வரலன்னா அத்தோட உறவு முறிஞ்சிது, பேரப்பிள்ளைய காலத்துக்கும் அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டோம். ஊரே வந்துட்டு. வடிவக்கா வரல. நான் பாடை எடுக்க வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே நிக்கேன். வரல.

பொறவு தெரிஞ்சிது, அன்னைக்குக் கலெக்டர் ஆபீசுல போய் உக்காந்திருந்திருக்காவ. டேங்க இடிக்கதுக்கு ஆர்டர் வாங்க. அன்னைக்கு விட்டா எலக்சன் முடியுத வரைக்கும் அந்த ஆபீசரப் பாக்க முடியாதாம். சரி, இருக்கட்டும். நாலாம் நாள் வந்தாவ. வாசல்லயே நின்னாவ. எங்கம்ம படத்துக்கு விளக்கு எரியுது, அதக் கூடப் பாக்கல. 'வருத்தமான சேதி வெயிலு'ன்னாவ. அடுத்த வார்த்த என்ன தெரியுமா? 'டேங்குல இப்ப எத்தன அடி நிக்கி?'

எனக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க. பெத்த அம்மையப் பறிகுடுத்துட்டு மொட்டத் தலையோட நிக்கேன், எங்கிட்ட டேங்குல எத்தன அடின்னா?

பால்வண்ணன் என்ன செஞ்சாரு? சேதி கேட்ட அரை மணிக்கூருல ஐஸ் பெட்டியோட வந்து எறங்குனாரு. சட்டையக் கழட்டிப்போட்டுட்டு பாடையில முன்பக்கம் தோள் குடுத்தாரு. அம்மையக் குளிப்பாட்டுத நீர்மாலைக்கு இந்த டேங்க் கொழாய்லதான் கொடம் பிடிச்சோம், அந்தக் கொடத்தையும் அவருதான் சொமந்தாரு. சுடுகாட்டுலேர்ந்து வந்ததும் எம்பக்கத்துல உக்காந்து தோள்ல கையப் போட்டு, 'அண்ணாச்சி, இனிமே நான்தான் உங்களுக்கு'ன்னு சொல்லி அழுதாரு. நெசமா அழுதாரு டீச்சர். நான் பாத்தேன், கண்ணுலேர்ந்து தண்ணி வந்திச்சி. எங்கம்ம பேரு வேலம்மா. அந்தப் பேரச் சொல்லி அழுதாரு.

ஓட்டுப் போட உள்ள போனேன். கையில முத்திரைய எடுத்தேன். டேங்க நெனைக்கணும்னுதான் நெனச்சேன். ஆனா அந்த வார்த்ததான் காதுல கேக்கு, எத்தன அடி நிக்கி, எத்தன அடி நிக்கின்னு. குத்திட்டு வந்துட்டேன். வீட்லயும் சொல்லிட்டேன், நமக்கு மரியாததான் முக்கியம்னு. நான் மத்தவனுவளப் போல சிரிப்புக்கும் அழுகைக்கும் மயங்கிப் போட்ட ஆளு கெடையாது. அது துட்டி விசயம். மொற தெரியாதவியளுக்கு எப்படிப் போடுறது? அதான் வேறன்னு சொன்னேன்.

பெரியவரு ஆயிட்டாருல்லா, பிரசிடெண்டா வந்ததும் நான் மறைக்காம எல்லாத்தையும் சொல்லிட்டேன். மூணாவது தூணு, துருப்பிடிச்ச கம்பி, அரைக்கு மேல ஏத்தப்பிடாது, அத்தனையும். இடிச்சிருவோம் பிரசிடெண்டேன்னேன். கவனமாத்தான் கேட்டாரு. 'அண்ணாச்சி, இந்த ஊருக்கு வந்த மொதக் கொழாய் தண்ணி இந்த டேங்க் தண்ணி, இத இடிச்சா சனம் மனசு ஒடஞ்சிரும்'னாரு. மறுவாரமே ஆள விட்டு வெடிப்பெல்லாம் சிமெண்டு வச்சிப் பூசி, பெயிண்டு அடிச்சாச்சு. பாருங்க, தூணுக்குத் தூணு மயிலு. பெரிய தூண்ல பிரசிடெண்டோட அம்மை படம், எதுத்தாப்புல எங்கம்ம படம். போட்டோவக் குடுங்க அண்ணாச்சின்னு கேட்டு வாங்கிட்டுப் போய் வரையச் சொல்லியிருக்காரு. எந்தப் பிரசிடெண்டு டேங்க் ஆப்பரேட்டரு அம்மைக்குப் படம் வரைஞ்சான்?

இன்னைக்குப் பத்தரைக்கு கெழக்குத் தெருவுக்குப் புதுக்கொழாய் தெறக்காவ. தெறந்த ஒடனே தண்ணி பீச்சிக்கிட்டு அடிக்கணும், சனம் கை தட்டணும்னு ஆசப்படுதாரு. நேத்து சாயங்காலம் வந்தாரு. 'அண்ணாச்சி, முழு டேங்க்'னாரு. நான், பிரசிடெண்டே, வடிவக்கா என்ன சொன்னாவன்னான்னு ஆரம்பிச்சேன். தோள்ல கையப் போட்டாரு. 'நான் இருக்கேம்லா'ன்னாரு. வெள்ளன நாலு மணிக்கு எந்திரிச்சி மோட்டாரப் போட்டுட்டேன், அது தெரிஞ்சிதான் வடிவக்கா விடிஞ்சதுலேர்ந்து ரோட்டுல நிக்காவ.

மணி என்ன, ஒம்பதா? அப்ப முக்காலுக்கு மேல ஏறியிருக்கும். ஏழு வருசத்துல இவ்ளோ ஏறுனதில்ல.

என்ன, சத்தமா? ஆமா, எனக்கும் கேட்டுது. ஆறு மணிக்கும் ஒருதரம் கேட்டுது. உள்ளதான் என்னமோ டக்குன்னு தெறிக்க மாதிரி. புதுப் பூச்சுல்லா, ஈரம் பட்டா அப்படித்தான் இருக்கும். அந்த மயிலு கழுத்துல கோடா? நேத்து இல்ல. பெயிண்டு வெடிச்சிருக்கும்.

நீங்க ஏன் எந்திரிச்சிட்டிய? உக்காருங்க டீச்சர். மோட்டார நிறுத்தணுமா? சாவி எங்கிட்டதான் இருக்கு, மடியில. நிறுத்தலாம், ஒரு நிமிசச் சோலி. ஆனா பத்தரைக்கு அவரு வந்து கொழாயத் தெறக்கும்போது காத்துதான் வந்துதுன்னா அவரு மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? பாடை தூக்குனவரு டீச்சர். எங்கம்மைக்குத் தோள் குடுத்தவரு. அவருக்கு முன்னால நான் நன்றி கெட்டவனா நிக்கணுமா? உங்களுக்குப் புரியாது, நீங்க வேற ஊரு.

பிள்ளையளையா? பிள்ளையள இப்ப வெளிய கூட்டிட்டுப் போனா ஊருல என்ன பேசுவாவ? புது டீச்சர் வந்ததும் வராததுமா ஓவர்சியரம்மா கச்சியில சேந்துட்டாம்பாவ. அதுவும் போவ, பிள்ளைய பாட்டுப் பாடணும். கெழக்குத் தெருவுல தெறந்த கையோட அவரு இங்கதான் வாராரு, பிள்ளைய பத்தொம்பதையும் தூணுக்கு நடுவுல வரிசையா நிறுத்தி வரவேற்புப் பாட்டுப் பாட வைக்கணும்னு உங்களுக்குச் சொல்லச் சொன்னாரு. அதச் சொல்லத்தான் நான் இங்கன காத்துக்கிட்டே இருந்தேன். நெட்டப் பிள்ளைய பின்னால, குட்டப் பிள்ளைய முன்னால நிக்கட்டும். அழுத பிள்ளைக்கு முட்டாயி குடுத்துருவோம்.

நீங்க மொகத்த அப்படி வச்சிக்கிடாதிய. அவரு தங்கமான மனுசன். அப்படியே ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னே வச்சிக்கிடுவோம், ஆவாது, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். மொத ஆளா ஓடி வாரது அவராத்தான் இருக்கும். சட்டையக் கழட்டிப் போட்டுட்டு அத்தனையும் தோள்ல தூக்குவாரு. பத்தொம்பது பிள்ளை பேரும் அவருக்குத் தெரியும். ஒவ்வொண்ணு பேரையும் சொல்லிச் சொல்லி அழுவாரு. அதுக்குத்தான டீச்சர் ஓட்டுப் போட்டிருக்கோம்.